ஸ்கைலேப் விழுந்த அன்று நம்மூரில்

அனைவருக்கும் வணக்கம்.

டி.வி. இல்லாத காலத்தில் ஊரில் பொழுது எப்படித்தான் போனது என்று சிகாகோத் தம்பி கேட்டிருந்தார். தம்பி, 1979 ஜூலை 11, புதன்கிழமை ஒரு நாளைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கா 1973 மே மாதம் ஏவிய ஸ்கைலேப் என்ற விண்வெளி நிலையம் அன்று பூமியில் விழவேண்டிய நாள். 77 டன் எடை. 1974 பிப்ரவரியில் அதில் கடைசியாகத் தங்கியிருந்த விண்வெளி வீரர்கள் மூவரும் இறங்கி வந்துவிட்டார்கள். அதன்பிறகு ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சூரியனின் சீற்றம் கணக்குப் போட்டதைவிட அதிகமாகி, மேலே காற்று மண்டலம் சூடேறி விரிந்து, அந்த உராய்விலேயே அது உயரம் இழந்துகொண்டு வந்தது. விண்வெளி ஓடத்தை அனுப்பி அதை மேலே தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். அந்த ஓடமோ 1981 வரை கிளம்பவே இல்லை.

இவ்வளவும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. நம்மூர் டீக்கடைக்கு வந்துசேர்ந்த செய்தி இரண்டே வரி: வானத்திலிருந்து ஓர் இரும்பு வீடு விழப்போகிறது, எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியாது.

கணக்கு வாத்தியார் ஊரைத் தைரியப்படுத்தப் பார்த்தார். உலகத்தில் எவராவது ஒருவர்மேல் துண்டு விழ 152-இல் ஒரு வாய்ப்பு என்று நாசா சொல்லியிருந்தது. ஜனத்தொகையால் பெருக்கினால் குறிப்பிட்ட ஓர் ஆள்மேல் விழுவதற்கு அறுபதாயிரம் கோடியில் ஒன்றுதான் என்று கரும்பலகை நிறையச் சுழியம் போட்டுக் காட்டினார். பரிசுச் சீட்டு விற்கிறவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வாத்தியார் ஐயா, லட்சத்தில் ஒன்று விழும் என்று நம்பித்தான் இந்த ஊரே என்னிடம் சீட்டு வாங்குகிறது. விழாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், என் பிழைப்பு போய்விடும்" என்றார். வாத்தியார் பலகையை அழித்துவிட்டார்.

மளிகைக் கடை அண்ணாச்சிக்கு வேறு கவலை. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுக் கடன் நோட்டும் கையுமாக வீடு வீடாக ஏறினார். கீழத்தெருவில் ஒருவர் திண்ணையிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்து உபசரித்துவிட்டுச் சொன்னாராம்: "அண்ணாச்சி, இன்று ராத்திரி விழுந்துவிட்டால் நான் கொடுத்த பணம் உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. விழாவிட்டால் நான் எங்கே போய்விடப் போகிறேன்? வெள்ளிக்கிழமை வாருங்கள்." எந்த வெள்ளிக்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆனால் அன்றைய பெரிய காரியம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று இருந்தது. செம்பட்டை நிறம், சாமிச் சேவல் என்பதால் யாரும் விரட்டமாட்டார்கள் என்ற திமிர் அதன் நடையிலேயே தெரியும். அடுக்களைக்குள் வந்து அரிசிப் பானைமேல் ஏறி நிற்கும். சாயங்காலம் பெரியம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்கு நாமே இல்லையென்றால் இதைச் சாமிக்கு யார் அறுப்பது?" என்றாள். பெரியப்பா பதறிப்போய், "சாமி குற்றம் ஆகிவிடும்" என்றார். "ராத்திரி மேலேதானே போகப்போகிறோம், நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு மிளகு வறுக்கப் போய்விட்டாள். குழம்பின் வாசனைக்கு மூன்றாவது வீட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து, "விழுகிற நேரத்தில் எல்லாரும் ஒன்றாக இருப்பதுதான் நல்லது" என்று பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பாவும் சாப்பிட்டார். தொடையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று இரவு ஊரே தெருவில் கட்டிலைப் போட்டு மல்லாந்து கிடந்தது. வீட்டுக்குள் படுத்தால் கூரையோடு சேர்ந்து விழும், வெளியே என்றால் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நம் நேரத்துக்கு இரவு பத்து மணி தாண்டியதுமே அந்தச் சாமான் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாக விழுந்து முடிந்துவிட்டது. அது தெரியாமல் விடிய விடிய விழித்திருந்தோம். காலையில் பஞ்சாயத்து ரேடியோ சொன்ன பிறகுதான் கட்டில்கள் வீட்டுக்குள் போயின. பெரியம்மா அன்றைக்கே சந்தைக்கு ஆள் அனுப்பி இரண்டு சேவல் வாங்கிவந்து கட்டினாள். ஒன்று அசல், ஒன்று வட்டி.

இதற்கு நடுவில், அதே புதன்கிழமை டெல்லியில் எதிர்க்கட்சித் தலைவர் யஷ்வந்த்ராவ் சவான், பிரதமர் மொரார்ஜி தேசாய் அரசின்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். 15-ஆம் தேதி மொரார்ஜி ராஜினாமா. அடுத்து வந்த சரண்சிங் பாராளுமன்றத்தைப் பார்க்காமலே ஆகஸ்டில் ராஜினாமா. வியாழக்கிழமை எட்ஜ்பாஸ்டனில் தொடங்கிய கிரிக்கெட் டெஸ்டில் நம் அணிக்கு எதிராக இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633 அடித்தது. டேவிட் கோவர் ஆட்டமிழக்காமல் 200. விழுந்த ஐந்து விக்கெட்டையும் கபில்தேவ் ஒருவரே எடுத்தார், மற்றவர்கள் பந்து பொறுக்கினார்கள். ஆக, நிஜமாகவே நம் தலையில் விழுந்தவை இவைதான். இவற்றுக்காக நம்மூரில் ஒரு கட்டில்கூட வெளியே வரவில்லை.

ஆஸ்திரேலியாக்காரர்களின் சாமர்த்தியத்தையும் சொல்லவேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோப் பத்திரிகை ஒன்று முதல் துண்டைக் கொண்டுவருகிறவருக்கு 10,000 டாலர் அறிவித்திருந்தது. எஸ்பெரன்ஸ் என்ற சிற்றூரின் ஸ்டான் தார்ன்டன் என்ற 17 வயதுப் பையன் தன் வீட்டில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறி வாங்கிவிட்டான். அந்த ஊராட்சியோ, குப்பை கொட்டியதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. நாசா கட்டவில்லை, 2009-இல் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ஒருவர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டினார். நம்மூர்க் கடன் நோட்டில்கூட முப்பது வருடப் பாக்கி கிடையாது. சரி, ஒன்றிரண்டு இருக்கலாம்.

பெர்த் அத்தானுக்கு ஒரு வேண்டுகோள். எஸ்பெரன்ஸ் அருங்காட்சியகத்தில் ஸ்கைலேப் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். ஒரு நடை போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள். எதற்குப் பயந்து அந்தச் சேவலை அறுத்தோம் என்று பெரியம்மா பார்க்க ஆசைப்படுகிறாள். பெட்ரோல் செலவை நம் ஊர்ச் சங்கக் கணக்கில் எழுதப் பொருளாளர் சம்மதிக்கவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.