பை வைக்க இடமில்லாத காப்பகம்

போன மழைக்காலத்தில் நடந்தது. சென்னை பாரிமுனைப் பக்கம் கடை வாசலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியை, வீடில்லாத பெண்கள் தங்கும் காப்பகம் ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். எந்தக் காப்பகம் என்பது வேண்டாம். மூன்றாம் நாள் இரவு பார்த்தால், அதே கடை வாசலில் படுத்திருக்கிறார்.

"ஏன் பாட்டி வந்துட்டீங்க?"

"இங்க பை தலைக்கடியில இருக்கும்மா. அங்க குளிக்கப் போனா யார்கிட்ட குடுத்துட்டுப் போறது?"

ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பை. ரேஷன் கார்டு, ஆதார், பென்ஷன் பாஸ்புக், இறந்துபோன மகனின் போட்டோ. பையின் காதில் நாடாவைக் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவார்.

மறுநாள் காப்பகத்துக்கே போனேன். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். உள்ளே போகிறவர்கள் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டைக் கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டுக் குளிக்கிறார்கள். பாயோடு பாய் உரசிக் கிடக்கிறது. பின்வாசலை அடைத்து ஒரு பீரோ. ராத்திரியில் தீப்பிடித்தால் அத்தனை பெண்களும் ஒரே கதவில் முண்டியடிக்க வேண்டும் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

விதி இல்லாமல் இல்லை. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பக வழிகாட்டுதல், ஆளுக்கு 50 சதுர அடி என்றது. அதாவது 10 அடிக்கு 5 அடி. ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, தீத்தடுப்பு, முதலுதவி, கொசு ஒழிப்பு எல்லாம் அதிலேயே இருந்தது.

"அவங்களுக்கு ரோடுதான் பழக்கம், உள்ள வரமாட்டாங்க" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம்! பாட்டி உள்ளே வந்தார், இரண்டு இரவு இருந்து பார்த்தார், பை போய்விடும் என்று தெரிந்துதான் வெளியே போனார்.

தாழ்ப்பாள் வாங்கி மாட்டிவிட்டோம். பீரோவும் நகர்ந்தது. பெட்டிக்கு மனு கொடுத்துவிட்டு அலைந்துகொண்டிருக்கிறேன்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் வேறொரு காப்பகத்தில் பராமரிப்பாளராக இருந்தவன். எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நாள் ராத்திரி ஒருவருக்கு வலிப்பு வந்தது. 108-க்கு போன் போட்டுவிட்டு அவரைப் பிடிப்பதா, கேட்டைத் திறக்கப் போவதா? அங்கே தங்கியிருந்த கட்டட வேலை அண்ணன்தான் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார். சம்பளமும் மாதக்கணக்கில் தள்ளித்தான் வரும். ஆள் நிற்பார்களா?

*

நான் இப்படி ஒரு காப்பகத்தில் தங்கியிருந்தவன். கேட்டரிங் வேலை. முகூர்த்த நாளில் பந்தி முடிந்து, அண்டா கழுவி, வேனில் ஏற்றிவிட்டு வர ராத்திரி 2 மணி ஆகும். 24 மணி நேரக் காப்பகம் என்று போர்டில் எழுதியிருக்கும், 10 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வேலை இருக்கிற நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டில்தான் படுத்தேன். வேலை இல்லாத நாளில் மட்டும் எனக்குக் கூரை.