வாய் திறக்க மறுக்கும் 2010 சேன்-எஸ்தெஃப்

லியோனில் வசிக்கிறேன். 2013இல் பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோ பக்கம் போனபோது, அங்குள்ள சேன்-எஸ்தெஃப் ஊரின் சிவப்பு ஒயின், 2010ஆம் ஆண்டு அறுவடை, 6 புட்டிகள் கொண்ட மரப்பெட்டி ஒன்றை வாங்கினேன். பாதிக்கு மேல் கபெர்னே சொவிஞ்ஞோன் திராட்சை, மீதி மெர்லோ திராட்சை; ஆல்கஹால் 14 சதவீதம். அன்றிலிருந்து 13 டிகிரி நிலவறையில் படுக்கவைத்தே இருக்கின்றன.

2019இல் திறந்த முதல் புட்டி அருமை. கருப்பு நாவற்பழம் போன்ற மணம், கூடவே பென்சில் சீவிய வாசம். சென்ற வாரம் திறந்த இரண்டாவதோ ஊமை. நிறம் அடர் சிவப்பு, விளிம்பில் மட்டும் லேசான செங்கல் சாயல், அதில் குறையில்லை. ஆனால் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. நாக்கில் வாழைக்காய்த் தோலைக் கடித்தது போன்ற துவர்ப்பு. நனைந்த அட்டை நாற்றமோ காடி நெடியோ இல்லை.

காற்றுப் படுவதற்காக டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி 2 மணி நேரம், பிறகு 4 மணி நேரம் விட்டேன். 18 டிகிரியிலும் 16 டிகிரியிலும் சுவைத்தேன். அகன்ற கிண்ணத்துக்கு மாற்றினேன். மிச்சத்தை மறுநாள் மாலை குடித்தபோது பழமணம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

2010 போர்தோவில் டானினும் (துவர்ப்புத் தரும் பொருள்) புளிப்பும் சேர்ந்தே தூக்கலாக இருந்த ஆண்டு. அப்படிப்பட்ட ஒயின் நடுவயதில் சில காலம் மணத்தைக் காட்டாமல் மூடிக்கொள்ளும் என்பார்கள். கார்க்கிலிருந்து சிறிதளவு டி.சி.ஏ. (நனைந்த அட்டை நாற்றம் தரும் வேதிப்பொருள்) கசிந்தாலும் தன் நாற்றத்தைக் காட்டாமலே பழமணத்தை அமுக்கிவிடும். இரண்டில் எது என்றுதான் குழம்புகிறேன். (விலையை நினைத்தால் இன்னொன்றைச் சோதனைக்காகத் திறக்கக் கை வரவில்லை.)

மறுநாள் சற்றே மணம் வந்ததை வைத்து, இது உறக்கநிலைதான் என்று நம்பி மீதி 4 புட்டிகளை இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கலாமா?