நெரிசல் மிகுந்த கல்லூரிக் கட்டடத்தில் வைஃபை: பெட்டிகளை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி (பாலக்காடு சித்தூரிலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். வெட்டுக்கல் சுவர்கள் கொண்ட எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தின் தாழ்வாரங்களில், சில ஆண்டுகளுக்கு முன் மாட்டப்பட்ட 14 ஆக்சஸ் பாயிண்டுகள் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டிகள்) உள்ளன. காலை ஒன்பது மணிக்கு எல்லாம் ஒழுங்காக இயங்குகிறது. பதினொரு மணிக்குக் கருத்தரங்கக் கூடத்தில் 180 பேர் அமர்ந்துவிட்டால், செல்பேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தும் எந்தப் பக்கமும் திறப்பதில்லை.

சென்ற வாரம் தேர்வு நுழைவுச்சீட்டைப் பதிவிறக்க முடியாத ஒரு மாணவி, மாடியிலிருந்து இறங்கி வாசல் வேப்பமரத்தடியில் நின்று தன் சொந்த டேட்டாவில் முயன்றாள். அதுவும் தீர்ந்துபோய்த் தோழியிடம் ஹாட்ஸ்பாட் கேட்டாள். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கமிருந்து பேருந்தில் வரும் இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் இணைப்பு உதவாமல் போவது மனத்தை உறுத்துகிறது. வைஃபை 6 தலைமுறைப் பெட்டிகள் வாங்க நிர்வாகம் இசைந்துள்ளது. பழையவற்றைக் கழற்றிவிட்டு அதே ஆணிகளில் புதியவற்றை மாட்டினால் போதுமா?

மறுமொழி 1 (குப்பத்திலிருந்து, வலைப்பின்னல் பராமரிப்பாளர்):

ஐயா, அதே ஆணிகளில் மாட்டினால் பணம்தான் செலவாகும். பொதுவாக ஒரு சேனலில், அதாவது வைஃபை அலைகள் செல்லும் ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அதே சேனலைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவை அனைத்தும் காத்திருக்க வேண்டும். செல்பேசியில் தெரியும் கோடுகள் சிக்னலின் வலிமையைக் காட்டுமே தவிர, காத்திருப்போர் வரிசையின் நீளத்தைக் காட்டா. நீண்ட தாழ்வாரத்தில் தடையின்றி ஒன்றையொன்று கேட்கும்படி மாட்டப்பட்ட பெட்டிகள், பக்கத்துப் பெட்டி பேசி முடிக்கும்வரை காத்திருந்தே பொழுதைக் கழிக்கின்றன. அவற்றை அறைகளுக்குள் கொண்டுசென்று, ஒலிபரப்பு வலிமையைக் குறையுங்கள். இதுவரை தொல்லையாக நினைத்த வெட்டுக்கல் சுவரே அப்போது உங்களுக்குத் துணை நிற்கும்.

வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ஆகவே பெரும்பாலான பெட்டிகளில் அந்த அலைவரிசைக்கான ரேடியோவை அணைத்துவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 2018ஆம் ஆண்டு நம் நாட்டில் 605 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பயன்படுத்த வழி திறக்கப்பட்டதால் அங்கே இடம் தாராளம். ஆனால் ஒரு சேனலுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைக்கும் ஆசையை விட்டு, 20 மெகாஹெர்ட்ஸிலேயே நில்லுங்கள்; அப்போதுதான் மோதாத சேனல்கள் நிறையக் கிடைக்கும். வைஃபை 6 ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை ஒன்பது சிறு கூறுகளாகப் பிரித்து ஒரே சமயத்தில் ஒன்பது கருவிகள் வரை பங்கிட்டுத் தரவல்லது. எனினும் மாணவரின் செல்பேசியும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். செல்பேசிப் பட்டியலில் தெரியும் ஒவ்வொரு நெட்வொர்க் பெயரும் தன் இருப்பை நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை அறிவிக்கிறது. 300 பைட் அளவுள்ள அறிவிப்பு 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போனால் 2.4 மில்லிவிநாடி எடுக்கும். ஒரே சேனலில் மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து பெயர்கள் என்றால், ஒரு மாணவர்கூட எதையும் திறக்காத நிலையிலேயே நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அறிவிப்புகளுக்கே போய்விடும். பெயர்களைக் குறைத்து, 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் ஆகிய பழைய வேகங்களை நிறுத்துவதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

மறுமொழி 2 (பாறசாலையிலிருந்து):

முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பழைய வேகங்களை நிறுத்துவதற்கு முன் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எங்கள் வளாகத்தில் அவற்றை நிறுத்திய மறுநாள் வருகைப் பதிவுக் கருவி செயலிழந்தது. அத்தகைய கருவிகளுக்கு மட்டும் ஒரு தனிப் பெயரை, தேவையான ஓரிரு பெட்டிகளில் விட்டுவையுங்கள்.

பெட்டிக்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். பெட்டிகளுக்குக் கேபிள் வழியே இணைப்பையும் மின்சாரத்தையும் தரும் பழைய ஸ்விட்ச், ஒரு போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) 15.4 வாட் தரும் வகையாக இருக்கலாம். புதிய ஆக்சஸ் பாயிண்டுகள் பலவற்றுக்கு 30 வாட் வகை தேவை. மின்சாரம் போதாவிட்டால் அவை சில ரேடியோக்களைத் தாமாகவே முடக்கிக்கொண்டு அரைகுறையாக ஓடும். நல்ல நிலையில் உள்ள கேட்5இ வகை நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டியதில்லை. 100 மீட்டர் வரை 2.5 ஜிகாபிட் அதில் போகும். நாங்கள் கூரையடி மூலையில் இருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எறும்புப் புற்று மண் படிந்து, போர்ட்டுகளின் உலோக முனைகள் பச்சை பூத்திருந்தன. கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுத்திருந்தால் அதை ஃபைபராக (மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிளாக) மாற்றுங்கள். நம் பக்கத்து ஐப்பசி இடி மின்னலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுமொழி 3 (நகரியிலிருந்து, கல்லூரி நூலகர்):

ஐயா, இணைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண்ணான ஐபி முகவரிகளையும் எண்ணிப் பாருங்கள். வழக்கமான ஒரு சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) 254 முகவரிகளே உண்டு. ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்கு ஒதுக்கப்பட்டால், காலையில் வந்து போனவரின் முகவரி மறுநாள் காலைவரை வீணாகப் பிடிபட்டுக் கிடக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கிச் செல்பேசிகள் ஒவ்வொரு நெட்வொர்க் பெயருக்கும் வேறு வேறு மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டுவதால், பெயர் மாற்றி மாற்றி இணைந்து பார்க்கும் ஒரே மாணவர் பல ஐபி முகவரிகளை விழுங்கிவிடுவார். வெளிக் கல்லூரி விருந்தினருக்கெனத் தனிப் பெயர் வைத்திருந்தால், கல்வி நிறுவனங்களுக்கு இணைய வசதி தரும் எர்னெட் அமைப்பின் வழியாக, எட்யுரோம் என்ற கல்வி நிறுவனங்களின் பொது வைஃபை ஏற்பாட்டில் சேர்வதையும் நிர்வாகத்திடம் பேசுங்கள். தத்தம் நிறுவனக் கணக்கிலேயே அவர்கள் உங்களிடம் இணையலாம்.

கேட்டவரின் பதில்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஆறு பெயர்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று என்றோ முடிந்துபோன ஒரு கருத்தரங்குக்கு உரியது. பதினொரு மணிப் பதிவில் 254 முகவரிகளும் தீர்ந்திருந்தன. அந்த மாணவிக்கு முகவரியே கிடைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. மூன்று பெயர்களை நீக்கி, முகவரிக் காலத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, சப்நெட்டையும் விரிவாக்கியுள்ளேன். கொள்முதல் பட்டியலில் ஸ்விட்ச்சுகளை முதலில் எழுதிவிட்டேன். சனிக்கிழமை ஏணியோடு கருத்தரங்கக் கூடத்துக்குப் போய், தாழ்வாரத்துப் பெட்டிகள் இரண்டை உள்ளே மாற்றிப் பார்க்கப் போகிறேன். திங்கள் பதினொரு மணிக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே எழுதுகிறேன்.