அர்ஜென்டினாவின் பாரம்பரியச் சாப்பாடு என்றால் அசாடோ மட்டும்தானா?

வழிப்போக்கன்77:
வேலை நிமித்தம் இரண்டு வருடம் புவெனஸ் ஐரெஸில் இருந்தேன். அந்த நாட்டுச் சாப்பாடு எது என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: அசாடோ, அதாவது தணலில் சுட்ட மாட்டுக்கறி. பீட்ஸா, ஞோக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறித்துண்டான மிலனேசா எல்லாம் இத்தாலிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்தவை, அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது.

கறியைச் சுடுவதில் என்ன பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள். மசாலா கிடையாது, ஊறவைப்பதும் கிடையாது, கல்லுப்பு மட்டும்தான். விறகை ஓரமாக எரித்து, நெருப்புக் கங்குகளை மட்டும் வாரி வாரிக் கம்பித் தட்டின் கீழே பரப்புவார்கள். தட்டுக்கு மேலே கையை நீட்டி, எவ்வளவு நேரம் சூடு பொறுக்கிறது என்று பார்த்துத்தான் கறியை வைப்பார்கள். சுவாலை கறியைத் தொடக் கூடாது. முதலில் சோரிசோ என்கிற கறி சாசேஜ், ரத்தம் அடைத்த மோர்சிஜா, குடல், சிறுநீரகம். அப்புறம்தான் குறுக்கே அறுத்த விலா எலும்புக் கறி வரும். கடைசியில் சுட்டவருக்கு எல்லாரும் கைதட்டுவார்கள். வேறு எந்தச் சமையலுக்காவது இந்த மரியாதை உண்டா?

மிளகாய்ப்பொடி:
அண்ணே, கப்பலில் வந்தது கணக்கில் வராது என்றால் உங்கள் மாடு எதில் வந்தது? நீந்தியா வந்தது? 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவரும் வரை பம்பாஸ் புல்வெளியில் ஒரு மாடுகூட இல்லை. பிறகு தறிகெட்டுப் பெருகியது. தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் அடித்துவிட்டு, மிச்சக் கறியை அங்கேயே போட்டுவிட்டுப் போன காலமும் உண்டு.

அந்த மண்ணிலேயே பிறந்தது வேண்டுமென்றால் லோக்ரோவைச் சொல்லுங்கள். பெயரே ஆண்டிஸ் மலைப் பூர்வகுடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து வந்ததுதான். உடைத்த வெள்ளைச் சோளத்தையும் பீன்ஸையும் ராத்திரியே ஊறவைத்து, காலையில் பூசணியோடு அடுப்பில் ஏற்றினால் மத்தியானம்தான் இறக்குவார்கள். பூசணி இருந்த இடம் தெரியாமல் கரைந்து, கூழ் மஞ்சளாகக் குழைய வேண்டும். மேலே கொழுப்பில் வதக்கிய வெங்காயத்தாளும் சிவப்பு மிளகாய்த் தூளும். 1810 மே 25இல் ஸ்பானிய வைஸ்ராயை இறக்கிவிட்டு முதல் சொந்த அரசை அமைத்தார்களே, அந்த நாளை நாடு முழுக்க லோக்ரோ குடித்துத்தான் கொண்டாடுகிறார்கள்.

வழிப்போக்கன்77:
லோக்ரோவில் பன்றிக் காலும் சோரிசோவும் போடுவதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள் அம்மணி? பன்றியும் அதே கப்பலில் வந்ததுதான்.

இன்னொன்று. உங்கள் பெயரே மிளகாய்ப்பொடி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் வழியாக நம்மிடம் வந்தது. அதற்காக நம் ஊர்க் காரக்குழம்பை வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளிவிடுவோமா? எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள். வந்த இடத்தில் என்னவாக ஆனது என்று பாருங்கள்.

மிளகாய்ப்பொடி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். பன்றியை நான் மறைத்தது தப்புதான்.

ஆனால் இந்த நியாயம் மாட்டுக்கு மட்டும்தானா? இத்தாலிக்காரர்களின் ஞோக்கியும் அங்கே வந்து வேறாகிவிட்டதே. மாதா மாதம் 29ஆம் தேதி, சம்பளம் வருவதற்கு முன், உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து ஞோக்கி செய்து, தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். மிலனேசாவுக்கு மேல் ஹாம், தக்காளி சாஸ், சீஸ் போட்டு 'நாப்போலித்தானா' என்கிறார்களே, அது நேப்பிள்ஸிலிருந்து வந்ததல்ல, புவெனஸ் ஐரெஸில் பிறந்தது. முதல் பதிவில் இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, இப்போது மாட்டுக்கு மட்டும் குடியுரிமை கொடுக்கிறீர்கள்.

கொய்யாமரம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சைவம். ரொசாரியோவில் எட்டு மாதம் ஓட்டியவன். உங்கள் இரண்டு பேர் பானையிலும் எனக்கு இடமில்லை. எனக்கு அர்ஜென்டினா என்றால் மாத்தே. குவரானிப் பூர்வகுடி மக்கள் ஊறவைத்துக் குடித்த இலை, மிசியோனெஸ், கொரியென்டெஸ் மாகாணங்களில் விளைவது. கறி தினமும் கிடைக்காத வீட்டிலும் மாத்தே உண்டு.

முதல் நாள் ஆபீசில் சுரைக்குடுவை என் கைக்கு வந்தது. சர்க்கரையைக் கலக்குகிற மாதிரி அந்த உலோகக் குழலை, அதாவது பொம்பிஷாவை, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். ஊற்றிக் கொடுத்த பெரியவர் குடுவையை மெதுவாக வாங்கிக்கொண்டார். இலையை ஒரு பக்கம் மேடாகக் குவித்து, பள்ளத்தில் மட்டும் வெந்நீர் விடுவார்களாம், மேடு நனையக் கூடாதாம். நான் கலக்கியதில் தூள் இறங்கிக் குழல் அடைத்துக்கொண்டது. திட்டவில்லை. கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டு, கசப்பான முதல் குடுவையைத் தானே குடித்துவிட்டு, அடுத்ததை என்னிடம் நீட்டினார்.

2013இல் சட்டமே போட்டார்கள்: 26870 ஒயினைத் தேசிய பானம் ஆக்கியது, அடுத்த எண் 26871 மாத்தேயைத் தேசிய ஊறல் பானம் ஆக்கியது. இலையை ஊறவைத்துக் குடிப்பது என்பதால் அதற்குத் தனிப் பட்டம்.

வழிப்போக்கன்77:
தம்பி, மாத்தேயோடு எனக்குச் சண்டை இல்லை. தலைப்பு சாப்பாடு. சரி, ஞோக்கியைச் சேர்த்துக்கொள்கிறேன், மிலனேசாவையும். ஆனால் லோக்ரோ வருடத்துக்கு இரண்டு மூன்று நாள், அசாடோ ஞாயிறுதோறும். எது தலைமை என்பதை நாள்காட்டியே சொல்லிவிடும்.

மிளகாய்ப்பொடி:
அது தலைநகரத்து நாள்காட்டி! வடமேற்கே சால்டா, ஹுஹுய் பக்கம் போயிருக்கிறீர்களா? அரைத்த சோளத்தைச் சோள மட்டையில் கட்டி வேகவைத்த ஹுமீட்டா, தமால், ஹுஹுய் மலைப்பக்கம் லாமா என்கிற ஒட்டக இன விலங்கின் கறி. (தமாலுக்கும் தமிழுக்கும் சம்பந்தமில்லை, யாரும் ஆராய்ச்சியை ஆரம்பிக்க வேண்டாம்.) ஒரு நகரத்தில் இருந்துவிட்டு நாடு முழுக்கத் தீர்ப்பு எழுதாதீர்கள். நான் அதே பக்கத்துத் துக்குமானில் ஒரு வருடம் படித்தவள்.

கொய்யாமரம்:
கறியை உள்ளே வைத்து மாவில் மடித்துச் செய்கிற எம்பனாடாவை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்களே. அது எல்லா மாகாணத்திலும் உண்டு. சால்டாவில் உள்ளே உருளைக்கிழங்கும் போடுவார்கள் என்று கேள்வி. கறியை விட்டுவிட்டு அதை மட்டும் வைத்துத் தரச் சொல்லலாமா?

மிளகாய்ப்பொடி:
உருளைக்கிழங்கா? துக்குமானில் கேட்டுப் பாருங்கள், கதவைச் சாத்துவார்கள். கறியைக் கத்தியால் பொடியாக நறுக்கி, சாறு வழிய வழிய, எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். கிழங்கு போட்டால் அது எம்பனாடாவே இல்லை. தேசிய எம்பனாடா விழாவே துக்குமான் மாகாணத்து ஃபமாய்ஷாவில்தான் நடக்கிறது.

வழிப்போக்கன்77:
ஒரே ஊரில் இருந்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று இப்போதுதானே யாரோ சொன்னார்கள்?

மிளகாய்ப்பொடி:
எம்பனாடா வேறு விஷயம் அண்ணே.