ஒரு வாரமா காய்ச்சல், வயித்து வலி, மோஷனும் போகல... என்னவா இருக்கும்?

கேள்வி:
வணக்கம். என் தம்பிக்கு 22 வயசு, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி வேலைக்கு போறான், சாப்பாடு முக்கால்வாசி வெளிய தான். ஒரு வாரமா காய்ச்சல், காலையில கம்மியா இருக்கு, சாயங்காலம் ஆனா 102, 103னு ஏறிடுது, டோலோ போட்டா இறங்கி திரும்ப வருது. வயிறு முழுக்க மந்தமா வலிக்குதுங்கறான், நாலு நாளா மோஷன் சரியா போகல, நாக்குல வெள்ளையா படிஞ்சிருக்கு. மெடிக்கல் ஷாப்ல பேதி இல்லேன்னா டைபாய்டா இருக்காதுன்னு சொல்லி ஏதோ ஆன்டிபயாடிக் குடுத்துருக்காங்க, இன்னும் போடல. அம்மா விளக்கெண்ணெய் குடுன்னு சொல்றாங்க. குடுக்கலாமா? ரொம்ப பயமா இருக்கு.

பதில் (டியூட்டி டாக்டர்):
விளக்கெண்ணெய் வேணாம்மா, எனிமாவும் வேணாம். என்ன வியாதின்னு தெரியாம பேதிக்கு குடுத்தா, உள்ள அப்பெண்டிசைடிஸோ (குடல்வால் வீக்கம்) குடல் அடைப்போ இருந்தா நிலைமை மோசமாகும், குடல்ல ஓட்டை விழக்கூட வாய்ப்பு இருக்கு. பேதி இல்லேன்னா டைபாய்டு இல்லைங்கறது தப்பு, பெரியவங்களுக்கு டைபாய்டுல மலச்சிக்கல் ரொம்ப சகஜம். நீங்க சொல்றத கேட்டா அதைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன், ஆனா பாக்காம சொல்ல முடியாது. வலி தொப்புள சுத்தி ஆரம்பிச்சு வலது அடிவயித்துக்கு நகர்ந்துச்சான்னு கேளுங்க, அப்படின்னா அப்பெண்டிசைடிஸா இருக்கலாம். வலது விலாவுக்கு கீழன்னா கல்லீரல்ல சீழ் கட்டியிருக்கலாம். இடுப்பு பக்கமா வலிச்சு குளிர் நடுக்கம் இருந்தா கிட்னியில இன்ஃபெக்‌ஷன். டெங்குலயும் காய்ச்சல் இறங்குற சமயத்துல விடாம வயித்து வலி வந்தா அது அபாய அறிகுறி, டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் காய்ச்சலுக்கு பாரசிட்டமால் (டோலோ) மட்டும், ப்ரூஃபன், டைக்லோஃபினாக் மாதிரி வலி மாத்திரை எதுவும் வேணாம். சாப்பிடாம தண்ணியும் குடிக்காம படுத்தே இருந்தா சும்மாவும் மலம் கட்டும், ஆனா ஒரு வாரக் காய்ச்சலோட சேர்த்து அப்படி விட்டுடக்கூடாது. நாளைக்கே கூட்டிட்டு போங்க.

பதில் (லேப் டெக்னீஷியன்):
டாக்டர் சொன்னதோட ஒன்னு சேர்த்துக்கறேன் சிஸ்டர், அந்த ஆன்டிபயாடிக்க போடறதுக்கு முன்னாடியே பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்துல இருக்கற கிருமிய லேப்ல வளர்த்து பாக்கற டெஸ்டுக்கு, ரத்தம் எடுத்துடுங்க. மாத்திரை உள்ள போயிட்டா கிருமி கல்ச்சர்ல வளராம போயிடலாம், அப்புறம் எந்த மருந்து கேக்கும்னு தெரியாமலே ட்ரீட்மென்ட் ஓடும். நம்ம ஊர்ல டைபாய்டு கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் பெருசா கேக்கறதில்ல, செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் தான் குடுக்கறாங்க, அதையும் டாக்டர் தான் முடிவு பண்ணணும். ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள், சிலசமயம் அதுக்கு மேலயும் ஆகும். டைபாய்டுக்கு வைடால்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டு பாசிட்டிவ்னு முடிச்சுடுவாங்க, அது 1896ல வந்த டெஸ்ட், முதல் வாரத்துல பல பேருக்கு காட்டாது, முன்னாடி எப்பவோ வந்து போயிருந்தா இப்ப இல்லாமலே காட்டும். அத மட்டும் நம்பாதீங்க.

பதில் (திண்டுக்கல் அக்கா):
பயப்படாதம்மா, ஆனா தள்ளிப்போடாத. எங்க வீட்டுக்காரருக்கு இதே மாதிரி சாயங்காலக் காய்ச்சல், வயித்து வலி, ஒரு வாரம் மலச்சிக்கல் ஒரு வாரம் பேதின்னு மாறி மாறி மாசக்கணக்குல இருந்துச்சு, எடையும் குறைஞ்சுட்டே போச்சு, கடைசியில ஸ்கேன் எடுத்து கொலனோஸ்கோப்பில (கேமரா குழாய் விட்டு பெருங்குடல பாக்கறது) சதை எடுத்து பாத்தப்ப குடல் டிபின்னு வந்துச்சு. அரசு ஆஸ்பத்திரியில மருந்து இலவசமா குடுத்தாங்க, முழு கோர்ஸும் போட்டு இப்ப நல்லா இருக்காரு. உன் தம்பிக்கு ஒரு வாரம் தானே ஆகுது, அதுவா இருக்கணும்னு இல்ல. ஆனா சரியாகாம இழுத்துட்டே போச்சுன்னா டாக்டர்கிட்ட இதையும் கேளு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அண்ணா, அக்கா. அவன்கிட்ட பேசிட்டேன், வலி ஒரே இடத்துல இல்லையாம், வாந்தியும் இல்ல. மாத்திரைய தொட வேணாம்னு சொல்லிட்டேன். நான் காலையில முதல் பஸ்ல கெளம்பறேன். ராத்திரிக்குள்ள எதப் பாத்து பயப்படணும்?

பதில் (டியூட்டி டாக்டர்):
வலி திடீர்னு அதிகமாகி வயிறு கட்டை மாதிரி இறுகினா, வாந்தி நிக்காம வந்தா, காத்து கூட பிரியாம வயிறு உப்பினா, மலம் கருப்பா இல்ல ரத்தமா போனா, பேச்சு குழறினா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, ரூம்ல இருக்கறவங்கள விட்டு உடனே 108 கூப்பிட சொல்லுங்க. டைபாய்டுல குடல்ல ஓட்டை விழறது பெரும்பாலும் ரெண்டாவது, மூணாவது வாரத்துல தான், அதனால இப்பவே போறது நல்லது. அதுவரைக்கும் கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும், ஆனா வலி கூடினாலோ வாந்தி வந்தாலோ வாய்வழியா எதுவும் குடுக்க வேணாம். ரூம்ல யாராவது கூடவே இருக்கட்டும்.