புதுப்பிப்பு: சாப்பாட்டு இடைவேளைச் சம்பளமும் ஷிப்ட் பட்டியலும்

சாப்பாட்டு நேரத்திலும் கவுன்ட்டரை விட்டு நகர விடாமல், அந்த அரை மணிக்குச் சம்பளம் பிடிக்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதி தீர்ந்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கையை (எண் 30) எடுத்துக் காட்டினோம். அதன்படி, முதலாளியின் ஏவலுக்கு ஆயத்தமாக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். அந்தக் கட்டுப்பாடு இல்லாத ஓய்வு மட்டும்தான் கணக்கில் சேராது. “சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்றார் மேலாளர். (போன் அடித்தால் சாப்பிட்ட கையோடு எடுப்பது யாராம்?) சரி, இனி நகர முடியாத நாட்களில் இடைவேளைக்கும் சம்பளம் உண்டு. பழைய பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். அப்புறம், ஷிப்டை முந்தின இரவில் மாற்றும் வழக்கம் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன்.