பாசிக்குடாவுக்குப் பஸ்ஸில் போய் வர ஒரு வழி சொல்லுங்கள்

அக்காமார், அண்ணாமார், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் அம்மாவையும் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போக ஆசை. கையில் 3000 ரூபாய்தான். மட்டக்களப்பு டவுனிலிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும்.

1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, காந்தி பூங்கா, கல்லடிக் கடற்கரை எல்லாம் பார்த்தாயிற்று. கல்லடியில் அலை அடித்து ஏறும். சின்னவளின் கையை நான் விடவே இல்லை. பாசிக்குடாவில் தூரம்வரை இடுப்பளவுத் தண்ணீர்தானே, ஆசை தீரக் குளிக்கட்டும்.

சோறும் மீன் பொரியலும் வாழையிலையில் கட்டிக்கொண்டு வருவோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. எந்தச் சந்தியில் இறங்கினால் கிட்ட? நிழலில் இருந்து சாப்பிட இடம் உண்டா? முக்கியமாக, ஞாயிறு பின்னேரம் திரும்பிவர கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அண்மையில் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.